கோள்மண்டலமா, கல்லடிக் கடற்கரையா?

பிள்ளைகளுக்கு வானம் காட்ட வேண்டும் என்று வீட்டில் பேச்சு வந்தபோது எங்களுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. மட்டக்களப்பிலிருந்து இரவு ரயிலேறிக் கொழும்புக்குப் போய், குவிமாடத்துக்குள் வானத்தைக் காட்டுகிற கோள்மண்டலம் பார்ப்பது ஒன்று. இங்கேயே கல்லடிக் கடற்கரையில் பாய் விரித்துப் படுப்பது மற்றது. மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு ஆறு. கடைசியில் இரண்டையும் செய்துவிட்டோம். நான் இப்போது கடற்கரைக் கட்சி. அதற்காகக் கொழும்புக்குப் போனது வீண் என்று சொல்லமாட்டேன்.

கோள்மண்டலம் கொழும்பு 7இல், பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1965ஆம் ஆண்டுக் கைத்தொழில் கண்காட்சிக்காகப் பொறியியலாளர் ஏ.என்.எஸ். குலசிங்க வடிவமைத்த கட்டடம். மடிப்பு மடிப்பான கொங்கிரீட், தூரத்தில் நின்று பார்த்தால் தாமரைப் பூ. உள்ளே 23 மீற்றர் அகலக் குவிமாடம். விளக்குகள் மெல்ல மங்கும்போது மகன் என் கையை இறுக்கிப் பிடித்தான். மேலே வெள்ளிகள், அதாவது நட்சத்திரங்கள், வரவர விட்டுவிட்டான். காட்சி முடிந்து வெளிச்சம் வந்ததும், "அப்பா, மறுகா ஒருக்காப் போடச் சொல்லுங்க" என்றான். அடுத்த காட்சிக்கு ஆட்கள் வரிசையில் நின்றார்கள். எங்களுக்கோ இரவு திரும்பவும் ரயில்.

போகிறவர்கள் தமிழ்க் காட்சி எப்போது என்று முதலே தொலைபேசியில் கேட்டுக்கொள்ளுங்கள். நூதனசாலையும் கிட்டத்தான், ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம். செலவைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. நான்கு பேர் கொழும்புக்குப் போய் வந்தால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஒரு விசயத்தில் கோள்மண்டலத்தை அடிக்க முடியாது. அங்கே முகில் இல்லை. நாங்கள் போனது மார்கழி விடுமுறையில். இங்கே மாரி, வெள்ளி பார்க்கிற கதையே இல்லை. துருவ நட்சத்திரமும் அப்படித்தான். மட்டக்களப்பில் அது அடிவானத்திலிருந்து ஏழெட்டுப் பாகை உயரத்தில்தான் நிற்கும். புகாருக்குள் அதைத் தேடி நான் இரண்டு தடவை தோற்றிருக்கிறேன். கோள்மண்டலத்தில் தேடாமலே கிடைத்தது.

சரி, கடற்கரைக்கு வருவோம். முதல் தடவை நான் செய்த முட்டாள்தனம், பூரணைப் போயா நாளில் கூட்டிக்கொண்டு போனது. லீவுதானே என்ற நினைப்பு. கடலுக்குள்ளிருந்து நிலவு எழும்பியது அழகுதான், ஆனால் அந்த வெளிச்சத்தில் பாதி வெள்ளிகளைக் காணவில்லை. நிலவைப் பார்க்கவும் பூரணை நல்ல நாள் இல்லை. நேர் வெளிச்சத்தில் அதன் பள்ளங்கள் நிழலில்லாமல் தட்டையாகத் தெரியும். ஏழாம் எட்டாம் பிறையில் ஒரு பைனாகுலரைப் பிடித்தால் பள்ளம் ஒவ்வொன்றும் தனித்தனியாக நிற்கும். வெள்ளி பார்க்க அமாவாசையை ஒட்டிய நாள்தான் சரி. அதுவும் தெருவிளக்குகளை விட்டு நாவலடிப் பக்கம் நடந்துவிட வேண்டும். வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல்வெளி இதைவிட இருட்டு. ஆனால் யானை நடமாடுகிற இடத்தில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்க்க எனக்குத் தைரியமில்லை.

கடற்கரைப் பக்கம் நான் சாய்ந்ததற்குக் காரணம், அங்கே திரும்பத் திரும்பப் போகலாம் என்பதுதான். இது சின்ன விசயமாகத் தெரியலாம். பூமி சூரியனைச் சுற்றுவதால் ஒரு வெள்ளி நேற்று நின்ற இடத்துக்கு இன்று ஏறத்தாழ நான்கு நிமிடம் முந்தி வந்துவிடும். ஒரு மாதத்தில் இது இரண்டு மணித்தியாலம். கோள்மண்டலத்தில் ஓர் இரவையே சில நிமிடத்தில் ஓட்டிக் காட்டுவார்கள். பிள்ளைகள் "ஆ" என்று பார்ப்பார்கள், வெளியே வந்து ஐஸ்கிரீம் கேட்பார்கள். கடற்கரைக்கு எப்போதும் ஒரே நேரத்தில் போனால் அதே மாற்றத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

எங்களைக் காத்திருக்க வைத்தது சாதகக் கொப்பி. மகளுக்குத் திருவாதிரை, மகனுக்குக் கேட்டை. பெப்ரவரி நடுவில் இரவு ஏழரைக்கு ஓரியனின் இடுப்பில் இருக்கிற மூன்று வெள்ளி வரிசை கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே நின்றது. அதற்கு வடக்கே சிவப்பாகத் திருவாதிரை. "இது என்ட வெள்ளி" என்று மகள் சொன்னதுதான் தாமதம், மகன் தன்னுடையதைக் கேட்டு அழத் தொடங்கினான். கேட்டை நடுச்சாமம் கழிந்துதான் வரும், மாதம் போகப்போக முந்தி வரும் என்று நான்கு நிமிடக் கணக்கைச் சொல்லிப் பார்த்தேன். அவன் நம்பவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வோர் அமாவாசைக்கும் அவன்தான் பாயைத் தூக்கிக்கொண்டு முதலில் வாசலில் நிற்பான். மார்ச், ஏப்ரல் என்று மூன்று வெள்ளியும் மேற்கே சரிந்துகொண்டே போயின. அதை அவன் கண்டுபிடித்து எனக்குச் சொன்னான்.

சொந்தமாகத் தொலைநோக்கி வாங்குவது பற்றியும் கேட்கிறார்கள். நான் இரவல் வாங்கி இரண்டு இரவு பார்த்ததோடு சரி, அதனால் அழுத்திச் சொல்லமாட்டேன். காற்றில் தொலைநோக்கியின் கால் ஆடியது, மணல் புகுந்துவிடுமோ என்ற பயம் வேறு. 10x50 பைனாகுலரை முழங்கையை முழங்காலில் ஊன்றிப் பிடித்தால் வியாழனின் நான்கு நிலவுகளும் தெரியும். சனியின் வளையம் அதில் தெரியாது.

மே நடுவில் எட்டு மணிக்குப் போனோம். தெற்கே தென்சிலுவை ஏறிக்கொண்டிருந்தது, அதை யாரும் கவனிக்கவில்லை. மகள் ஊர்ப் பக்கம் திரும்பி நின்று, தென்னைகளுக்கு மேல் தாழ்ந்துகொண்டிருந்த திருவாதிரையைப் பார்த்தாள். கடல் பக்கம் தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே சிவப்பாக ஒரு புள்ளி. படகு விளக்கு என்று நினைத்து, "போட்டு லைட்டு" என்றாள் மகள். மகன் அசையாமல் கொஞ்ச நேரம் பார்த்தான். "லைட்டெண்டா மேல வராது" என்றான். அது வந்துகொண்டிருந்தது. அவளுடையது படுவானில் இறங்க, இவனுடையது எழுவானில் ஏற, எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நானும் மனைவியும் நடுவில் நின்றோம்.