கொங்குப் பெரியவர்களின் அரசியல் நினைவைப் பதிய ஜூம் எச்1என் ரெக்கார்டர் எப்படி?

பாட்டு, யூடியூப் பேட்டிக்கெல்லாம் இந்த ரெக்கார்டர் எப்படி என்று நிறைய பேர் எழுதிவிட்டார்கள். எழுபது, எண்பது வயதுக்காரர் ஏன் ஆயுசுக்கும் ஒரே கட்சிக்கு ஓட்டுப் போட்டார், அல்லது எந்த நாளில் அதை விட்டார் என்பதை அவர் வாயாலேயே கேட்டு வைக்க விரும்புகிறவர்களுக்கு இது. அந்த வேலைக்கு எச்1என் போதும். ஆனால் பெட்டியிலிருந்து எடுத்தபடியே பயன்படுத்தினால் கெடுத்துவிடும்.

முதலில், ஒலியளவைக் கருவியே ஏற்றி இறக்கும் ஆட்டோ லெவலை அணைக்க வேண்டும். பெரியவர்கள் முக்கியமான இடத்தில்தான் பேச்சை நிறுத்துவார்கள். 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் மின் கட்டண உயர்வை எதிர்த்த உழவர்கள் மூன்று பேர் துப்பாக்கிச் சூட்டில் இறந்ததை, பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் சொல்ல வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் பத்து விநாடி பேசாமல் இருப்பார். குரல் இல்லையென்று கருவி தானாக ஒலியை ஏற்றும். பின்னால் ஓடும் தறியும் ஃபேனும் குபுகுபுவென்று மேலே வரும். அவர் மறுபடி பேசும்போது முதல் இரண்டு சொல் உடைந்து விழும். ஆட்டோ லெவலை அணைத்து, திருகு சக்கரத்தைக் கையால் திருப்பி, சாதாரணப் பேச்சு திரையில் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் நிற்கும்படி வைத்தால் போதும். திடீரென்று எகிறும் சத்தத்தை அடக்கும் லிமிட்டர் மட்டும் இருக்கட்டும். சிரிப்புக்கும் கோபத்துக்கும் அது உதவும்.

சத்தம், விசைத்தறி ஓடும் பல்லடம், சோமனூர் பக்கம் தப்பாத தலைவலி. அடித்தொனி இரைச்சலை வெட்டும் லோ கட்டில் 80, 120, 160 ஹெர்ட்ஸ் என மூன்று நிலை உண்டு. மோட்டார் இரைச்சலுக்கு 120 நன்றாக வேலை செய்கிறது. 160க்குப் போனால் ஆண் குரலின் அடி கழன்று வானொலி மாதிரி ஆகிவிடும். தறியின் டக்டக் சத்தத்துக்கு எந்த ஃபில்டரும் பயனில்லை. அதற்கு ஒரே மருந்து, தறி நிற்கும் நேரமாகப் பார்த்துப் போவதுதான். கரண்ட் போன நேரம் வாய்த்தால் ஃபேனும் நின்றுவிடும்.

கருவியைக் கையில் பிடிக்கவே கூடாது. உடம்பு பிளாஸ்டிக், விரல் நகர்ந்தாலே கறகறவென்று பதியும். அடியில் டிரைபாட் திருகு இருக்கிறது. மேசை டிரைபாட் இல்லாவிட்டால் மடித்த துண்டு மேல், அவர் வாய்க்கு இரண்டு சாண் தூரத்தில் வையுங்கள். காற்றுக்கான பஞ்சு உறை தனியாகத்தான் வாங்க வேண்டும், திண்ணையில் உட்கார்ந்து பேசினால் அது கட்டாயம். காலர் மைக்கையும் 3.5 மில்லிமீட்டர் துளையில் சொருகலாம், ஆனால் மைக்குக்குக் கருவியிலிருந்தே மின்சாரம் தரும் பிளக்-இன் பவர் இயக்கத்தில் இருக்கிறதா என்று பார்க்கவும். தாலிக்கொடியோ சட்டைப் பையிலுள்ள பேனாவோ உரசாத பக்கமாகக் குத்துங்கள்.

எம்பி3 வேண்டாம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் பதிவு மணிக்கு ஏறக்குறைய 1 ஜிபி பிடிக்கும்; 32 ஜிபி மைக்ரோ எஸ்டி கார்டில் முப்பது மணி நேரம் அடங்கும். இரண்டு ஏஏஏ பேட்டரி ஓடும் நேரம் பத்து மணி என்பது நிறுவனக் கணக்கு. உச்ச அமைப்பில் அவ்வளவு வராது, ஒவ்வொரு பெரியவருக்கும் புது ஜோடி போடுங்கள். செல்போனில் பதிந்தால் என்ன என்று கேட்கலாம். பதியலாம், ஆனால் நடுவில் போன் வரும். மருமகன் கூப்பிட்டதும் பேச்சு முறிந்தால் அந்த இழை திரும்ப வராது.

கருவியால் முடியாத ஒன்று கேள்வி. "உங்க அரசியல் கொள்கை என்னங்க?" என்று ஆரம்பித்தால் மேடைப் பேச்சுத்தான் வரும். "ஏனுங்க அப்பாரு, கெணத்துல கவலை ஓட்டறத நிறுத்தி மோட்டாரு வெச்சது எந்த வருசமுங்க?" என்று கேளுங்கள் (கவலை என்பது மாடு கட்டிக் கிணற்று நீர் இறைப்பது). மோட்டார் வந்தால் மின் கட்டணம் வரும். கட்டணம் வந்தால் நாராயணசாமி நாயுடுவின் உழவர் சங்கம், 1972 மாட்டு வண்டிப் போராட்டம், 1990இல் வந்த இலவச மின்சாரம் எல்லாம் வரிசையாக வரும். மில் தொழிலாளி குடும்பமென்றால், 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்ட சின்னியம்பாளையம் மில் தொழிலாளர் தோழர்கள் நால்வரைப் பற்றி வீட்டில் என்ன பேசினார்கள் என்று கேளுங்கள். பொள்ளாச்சிக்காரரிடம் 1965 பிப்ரவரியில் இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது நடந்த துப்பாக்கிச் சூட்டைக் கேளுங்கள். அப்போது அவர் பள்ளியிலா, காட்டிலா, கடையிலா என்பதையும் விடாதீர்கள்.

வயதைக் கணக்குப் போடுவது முக்கியம். பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளிலும் பட்ட அடிதான் ஆழமாகத் தங்கும் என்று ஆய்வாளர்கள் சொல்வது இங்கே பெரும்பாலும் பொருந்துகிறது. ஈரோட்டுப் பெரியாரைக் காசிச் சத்திரத்தில் பசியோடு விரட்டியதாகச் சொல்லப்படுவதும் அவரது இருபதுகளின் நடுவில், 1904 வாக்கில். ஆனால் ஒரே சம்பவத்தில் அண்ணன் ஒரு கட்சிக்கும் தம்பி எதிர்க்கட்சிக்கும் போன வீடுகளும் உண்டு, ஆகவே ஒருவரை மட்டும் பதிந்து முடிவு கட்டாதீர்கள். இன்னொரு சிக்கல், 1970ஐயும் 1972ஐயும் பலர் ஒன்றாகக் குழப்புவார்கள். குறுக்கே திருத்த வேண்டாம், "மூத்த பையன் அப்பப் பொறந்துட்டானுங்களா?" என்றால் அவரே வருசத்தைச் சரிசெய்துகொள்வார்.

எழுத்தாக்கும்போது வேகத்தை 50 சதவீதம் வரை குறைத்துக் கேட்கலாம். கொங்குப் பேச்சில் 'ங்க' விழுங்கப்படும் இடங்களுக்கு இது பெரிய உபகாரம். கோப்புகளுக்கு வரிசை எண்தான் பெயர் என்பதால் பதிவின் தொடக்கத்திலேயே ஊர், தேதி, வயதைச் சொல்லிவிடுங்கள். எங்கே போகும், யார் கேட்பார்கள் என்பதற்கான சம்மதத்தையும் அதிலேயே வாங்குங்கள். கட்சிக்காரர் பெயர் சொன்ன பிறகு "அத எடுத்துருங்க" என்பது சகஜம்.

புதிதாக வாங்குவதாக இருந்தால் 2024இல் வந்த எச்1 எசென்ஷியலைப் பார்க்கலாம். 32 பிட் ஃப்ளோட்டில் பதிவதால் லெவல் திருகவே தேவையில்லை, கத்தினாலும் உடையாது. கோப்பு மட்டும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகும். பழைய எச்1என் கைவசம் இருக்கிறவர்கள் இதற்காக மாற்ற வேண்டியதில்லை.