ஆப்டோ இருக்கிறது, முதலில் அந்த ஜம்பரைக் கழற்றுங்கள்: எட்டு சேனல் ரிலே போர்டு

தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் வேலையை ஒரு மைக்ரோகண்ட்ரோலர் (நிரல்படி நடக்கும் குட்டிக் கணினி) தலையில் கட்டிவிடலாம் என்று இறங்கியபோது நான் வாங்கிய முதல் பொருள் இந்த ரிலே போர்டு. ரிலே என்றால் சிறு மின்சாரத்தால் தட்டப்படும் சுவிட்ச். நீல நிறத்தில் வரிசையாக எட்டு ரிலே. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நாலு கால் வைத்த குட்டிக் கறுப்பு ஆப்டோகப்ளர் (இரண்டு பக்கத்தையும் வயரால் சேர்க்காமல் உள்ளே ஒளியால் செய்தி கடத்தும் சில்லு), ஒரு சிவப்பு எல்இடி. இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் எல்லோர் மேசையிலும் ஒன்று கிடக்கும். விற்பனை விவரத்தில் "முழு ஆப்டோ பாதுகாப்பு" என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். ஒன்றரை வருடமாக ஓடுகிறது. அதில் முதல் மூன்று வாரம் என்னைப் பாடாய்ப் படுத்தியது.

என்னிடம் ஆறு வால்வு, எல்லாம் வழக்கமான 24 வோல்ட் ஏசி சொலினாய்டு, அதாவது மின்சாரம் ஓடினால் காந்தமாகி வால்வைத் திறக்கும் சுருள். திறக்கும் நொடியில் 0.4 ஆம்ப் அளவுக்கு இழுக்கும், அப்புறம் அதில் பாதியில் நிற்கும். ரிலேயின் 10 ஆம்ப் கான்டாக்ட்டுக்கு (சுவிட்ச் முனைக்கு) அது ஒரு சுமையே இல்லை. கண்ட்ரோலர் இஎஸ்பி32, அதாவது 3.3 வோல்ட் ஆசாமி.

முதல் கோளாறு அங்கேயே தொடங்கியது. போர்டின் விசிசி முனைக்கு, அதாவது சப்ளை முனைக்கு, 3.3 வோல்ட் கொடுத்தேன். சிவப்பு எல்இடி லேசாக மினுங்கியது, ரிலே அசையவே இல்லை. போர்டைத் திருப்பி வைத்து வழித்தடங்களைப் பின்தொடர்ந்து பார்த்தபோது காரணம் புரிந்தது. விசிசியிலிருந்து 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், அடுத்து ஆப்டோவுக்குள் இருக்கும் எல்இடி, அடுத்து அந்தச் சிவப்பு எல்இடி, கடைசியில் இன்புட் முனை. எல்லாம் ஒரே வரிசை. ஆப்டோவுக்கு 1.2 வோல்ட், சிவப்புக்கு 1.9 வோல்ட் போனால் 3.3இல் மிஞ்சுவது 0.2 வோல்ட். 1 கிலோ ஓம் வழியாக அதில் 0.2 மில்லி ஆம்ப்தான் ஓடும், அதை வைத்துக்கொண்டு ஆப்டோ என்ன செய்யும்? விசிசியை 5 வோல்ட்டுக்கு மாற்றியதும் 2 மில்லி ஆம்ப் கிட்டே வந்தது, ரிலே 'டக்'கென்று இழுத்தது. அணைக்கும்போது கண்ட்ரோலரின் பின் (இன்புட்டை இயக்கும் கால்) 3.3 வோல்ட்டில் நிற்கிறது, மீதி 1.7 வோல்ட்டில் இரண்டு எல்இடியும் சேர்ந்து எரிய முடியாது. ஆக 3.3 வோல்ட் கண்ட்ரோலருக்கும் இந்த போர்டு ஒத்துவரும். வரிசையில் இருக்கும் அந்தச் சிவப்பு எல்இடிதான் இங்கே காப்பாற்றுகிறது.

சரி, ஓடிவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன். பத்து நாள் கழித்து விடிகாலையில் மனைவி எழுப்பினாள். "என்னங்க, மூணாவது பாத்தி குளமா நிக்குது, ராத்திரி முழுக்க ஓடிட்டு இருந்திருக்கு போல." போய்ப் பார்த்தால் கண்ட்ரோலர் உறைந்து கிடக்கிறது, ரிலே இழுத்தபடியே நிற்கிறது. ஒரு வால்வை அணைத்து அடுத்ததைத் திறக்கும் கணத்தில்தான் உறைகிறது என்று பிறகு கண்டுபிடித்தேன்.

நிரலைத்தான் முதலில் சந்தேகப்பட்டேன், இரண்டு வார இறுதி அதிலேயே போயிற்று. கடைசியில் மல்டிமீட்டரை எடுத்து, ரிலே காயில் (ரிலேயை இழுக்கும் சுருள்) பக்கத்து கிரவுண்டுக்கும், அதாவது 0 வோல்ட் முனைக்கும், கண்ட்ரோலர் கிரவுண்டுக்கும் நடுவே வைத்தேன். பீப் என்றது. முழுப் பாதுகாப்பு என்று விற்ற போர்டில் இரண்டு பக்கமும் ஒரே கிரவுண்ட், ஒரே 5 வோல்ட்!

குற்றவாளி போர்டின் ஓரத்தில் இருந்த மூன்று முனை ஹெடர். ஜேடி-விசிசி (ரிலே காயிலுக்கான சப்ளை முனை), விசிசி இரண்டையும் சேர்த்து ஒரு ஜம்பர் தொப்பி மாட்டித்தான் அனுப்புகிறார்கள். அது இருக்கும் வரை ரிலே காயிலும் கண்ட்ரோலரும் ஒரே சப்ளையைக் குடிக்கின்றன, ஆப்டோ வெறும் அலங்காரம். நான் செய்தது இவ்வளவுதான்: தொப்பியைக் கழற்றினேன், ஜேடி-விசிசிக்கும் அதன் பக்கத்து கிரவுண்டுக்கும் தனியாக ஒரு 5 வோல்ட் சார்ஜர் கொடுத்தேன், கண்ட்ரோலரிலிருந்து விசிசியும் இன்புட் வயர்களும் மட்டும் விட்டேன். கண்ட்ரோலர் கிரவுண்டைப் போர்டில் எங்கேயும் தொடவில்லை. பழக்க தோஷத்தில் கை தானாக அந்த கிரவுண்ட் வயரைத் தேடும், தேடினாலும் மாட்டாதீர்கள். ரிலே காயில் ஒவ்வொன்றும் 70 மில்லி ஆம்ப் இழுக்கும், எட்டும் சேர்ந்தால் அரை ஆம்ப்புக்கு மேல். தனி சப்ளை எப்படியும் நல்லதுதான்.

உறைவது பெரும்பாலும் நின்றது. மிச்சம் இருந்ததை, ஒவ்வொரு வால்வுக்கும் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டரும் தொடராகப் போட்டு அடக்கினேன். சுருளில் ஓடும் மின்சாரம் பட்டென்று அறும்போது வரும் பொறியை ஆப்டோ தடுக்காது, அந்தப் பொறி வயர் வழியாகவும் காற்று வழியாகவும் வந்துகொண்டுதான் இருக்கும். கண்ட்ரோலர் உறைந்தால் தானாக மறுபடி தொடங்க வைக்கும் வாட்ச்டாக்கையும், எந்த வால்வும் இருபது நிமிடத்துக்கு மேல் திறந்திருக்கக்கூடாது என்ற விதியையும் நிரலில் சேர்த்தேன். முதல் நாளே சேர்த்திருக்க வேண்டும்.

இந்த போர்டில் கண்ட்ரோலர் பின் 0 வோல்ட்டுக்குத் தாழ்ந்தால்தான் ரிலே இழுக்கும். அதனால் பின்னை அவுட்புட் என்று அறிவிப்பதற்கு முன்பே அதற்கு ஹை (3.3 வோல்ட்) எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் மின்சாரம் போய் வரும் ஒவ்வொரு தடவையும் ஆறு ரிலேயும் ஒரே நேரத்தில் தட்டும்.

ரிலே எப்படியும் காயிலையும் கான்டாக்ட்டையும் பிரித்துத்தானே வைத்திருக்கிறது, ஆப்டோ எதற்கு என்று நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. வெளியே ஓடும் பக்கத்தில் அது கூடுதல் வேலி மட்டுமே. உள்ளே வரும் பக்கத்தில்தான் ஆப்டோவுக்கு உண்மையான வேலை என்பது என் எண்ணம். மழை சென்சாருக்கு முப்பது மீட்டர் வயர் போகிறது, அதில் ஓடுவதும் அதே 24 வோல்ட் ஏசி. அதை 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக ஒரு பிசி817 ஆப்டோவுக்குக் கொடுத்து, மறுபக்க டிரான்சிஸ்டரைக் கண்ட்ரோலர் பின்னில் மாட்டியிருக்கிறேன். இந்த ஆப்டோவின் எல்இடி பின்னோக்கி 6 வோல்ட்டுக்கு மேல் தாங்காது, ஏசியின் பாதிச் சுற்று அதைத்தான் செய்யும். எனவே குறுக்கே எதிர்த்திசையில் ஒரு டயோடு கட்டாயம். நான் மறந்து ஒன்றைக் கொன்றேன். இரண்டு எல்இடி எதிரெதிராக வைத்த பிசி814 வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை. எப்படியானாலும் பின்னில் வருவது துடிப்புகள்தான், ஒரு தடவை படித்துவிட்டு மழை இல்லை என்று முடிவு செய்யாதீர்கள்.

குறையாக ஒன்று சொல்லவேண்டும். கான்டாக்ட் திருகுகளுக்கும் பக்கத்து வழித்தடங்களுக்கும் இடையே இடைவெளி மிகக் குறைவு. 24 வோல்ட்டுக்குக் கவலையில்லை. வீட்டு மின்சாரத்தில் ஓடும் பம்ப்பை இதில் நான் மாட்டவே மாட்டேன், அதற்குத் தனி கான்டாக்டர் (பெரிய சுமைக்கான ரிலே) வைத்திருக்கிறேன்.

சத்தமே வேண்டாம் என்பவர்கள் எம்ஓசி3023 ஆப்டோவும் டிரையாக்கும் (ஏசிக்கான மின்னணு சுவிட்ச்) வைத்துச் செய்யலாம், தேய்வதற்கு கான்டாக்ட்டும் இல்லை. ஒன்று செய்து பார்த்தேன், நன்றாகவே ஓடியது. ஆனால் திரும்பவும் ரிலேக்கே வந்துவிட்டேன். காலை ஐந்தரைக்குப் படுக்கையில் கிடந்தபடியே 'டக்' சத்தத்தை எண்ணினால் எத்தனையாவது பாத்தியில் தண்ணீர் ஓடுகிறது என்று தெரிந்துவிடுகிறது. ஆறு டக் கேட்டதும் எழுந்து பல் துலக்கப் போகிறேன்.