அமெரிக்காவின் இரண்டு பழைய ஷாப்பிங் மால்களில் எது மேல்: நார்த்லேண்டா, சவுத்டேலா?

இரண்டையும் வடிவமைத்தவர் ஒருவர்தான்: வியன்னாவில் பிறந்து 1938-ல் அமெரிக்கா வந்த விக்டர் க்ரூயன்.

டெட்ராய்ட் அருகே 1954-ல் திறந்த நார்த்லேண்ட், நடுவில் ஹட்சன்ஸ் என்ற பெரிய கடை, சுற்றிலும் சிறு கடைகள், இடையே திறந்தவெளி முற்றங்கள் என்று அமைந்தது. கடைக்குக் கடை போக வானத்தின் கீழேதான் நடக்க வேண்டும். நல்ல வெயில் நாளில் அருமை. பனி கொட்டும்போது? கஷ்டம்தான்.

1956-ல் மினசோட்டாவின் ஈடைனாவில் வந்த சவுத்டேல் அந்தச் சிக்கலை அடியோடு தீர்த்தது. எல்லாமே ஒரே கூரைக்குள். வெளியே உறைபனி இருந்தாலும் உள்ளே சுமார் 24 டிகிரி. போட்டியாளர்களான டேட்டன்ஸும் டொனால்ட்சன்ஸும் ஒரே கட்டடத்தில் கடை போட்டதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். வாகன நிறுத்தங்களை வெவ்வேறு உயரத்தில் அமைத்ததால் மேல்தளத்துக்கும் நேரடி வாசல் கிடைத்தது. மாடிக் கடை என்று யாரும் ஒதுக்கப்படவில்லை. சாதாரண விஷயம் போலத் தெரியும், ஆனால் வியாபாரத்துக்கு அதுதான் உயிர்.

நடந்து பார்க்க எனக்கு நார்த்லேண்டின் முற்றங்கள்தான் பிடித்திருக்கும். பிழைத்தது என்னவோ சவுத்டேல். 1970களில் நார்த்லேண்டும் கூரை போட்டுக்கொண்டது, அப்படியும் 2015-ல் மூடியது. சவுத்டேல் இன்னும் இயங்குகிறது. க்ரூயனோ, கடைசிக் காலத்தில் இந்த மால்களையே தன் பிள்ளைகள் இல்லை என்று கைகழுவிவிட்டார்.