பெடல் ஸ்டீல் பதிவும் ரிவர்பும்: ஆறு வருடப் பழக்கத்தில் தெரிந்தது

வீட்டின் பின்னறையில் பெடல் ஸ்டீல் பதிவு செய்யத் தொடங்கி ஆறு வருடம் ஆகிறது. கம்பிமேல் எஃகுப் பாரை வழுக்கி, கால் பெடலாலும் முழங்கால் லீவராலும் சுருதியை மாற்றி வாசிக்கும் கிடார் அது. கருவி அன்றிலிருந்து ஒன்றேதான்: பத்துக் கம்பி, ஈ9 டியூனிங் (கம்பிகளைச் சுருதி கூட்டும் ஒரு முறை), மூன்று பெடல், நான்கு முழங்கால் லீவர். மாறிக்கொண்டே இருந்தது ரிவர்ப், அதாவது கூடத்தில் எதிரொலிப்பதுபோல் ஒலிக்குப் பின்னால் நீளும் கார்வை.

சாதாரண கிடாரில் கேட்டு மயங்கிய ரிவர்ப் ஸ்டீலுக்கு அப்படியே ஒத்துவராது. இங்கே சுருதி நகர்ந்துகொண்டே இருக்கிறது என்பதுதான் காரணம். பி எனப்படும் பெடலை மிதித்தால் மூன்றாம் கம்பியும் ஆறாம் கம்பியும் ஜி ஷார்ப்பிலிருந்து ஏ-க்கு வழுக்கி ஏறும். கம்பி ஏறிவிட்ட பிறகும் ரிவர்புக்குள் பழைய ஜி ஷார்ப் கார்வையாக நிற்கும். அரைச் சுர இடைவெளியில் இரண்டும் உரசும். வாசிக்கும்போது இது தெரியாது. மறுநாள் ஹெட்ஃபோனில் கேட்டால் மெதுவான பாட்டில் ஒவ்வொரு நகர்வும் கலங்கலாக இருக்கும். முதல் வருடம் நான் வாங்கிய ரிவர்ப் பெடலில், பெரிய அரங்கில் ஒலிப்பதுபோன்ற ஹால் வகையைத்தான் எப்போதும் வைத்திருந்தேன், கார்வை நான்கு விநாடிக்கு மேல். அந்தப் பதிவுகளில் ஒன்றைக்கூட இன்று என்னால் பயன்படுத்த முடியவில்லை.

இப்போது ஒன்றரை விநாடியிலிருந்து இரண்டு விநாடிக்குள் நிறுத்திக்கொள்கிறேன். கணினியில் ரிவர்ப் சேர்க்கும்போது 40 மில்லிவிநாடி ப்ரீ-டிலே (மூல ஒலிக்கும் ரிவர்ப் தொடங்குவதற்கும் நடுவே விடும் இடைவெளி) வைக்கிறேன். கம்பியின் குரல் முன்னால் வந்து நிற்க, இடம் அதற்குப் பின்னால் திறக்கிறது.

அப்புறம் வால்யூம் பெடல், காலால் ஒலியளவைக் கூட்டிக் குறைப்பது. கம்பியின் ஒலி தேயத் தேயக் காலை மெல்ல அழுத்தி அதை நீட்டுவதுதான் ஸ்டீலின் மூச்சே. ரிவர்பை வால்யூம் பெடலுக்கு முன்னால் போட்டால் கால் அழுத்தும்போது கார்வையும் சேர்ந்து வீங்கும், கால் எடுத்தால் அதுவும் சட்டென்று அறுந்துவிடும். பின்னால் போட்டால் கால் மூடினாலும் கார்வை தானாக அடங்கும். எனக்கு இதில் இரண்டாம் யோசனையே கிடையாது. ஸ்டீல் பிக்கப்களின் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பகுதி) மின்தடை பெரும்பாலும் 15 முதல் 20 கிலோ ஓம் வரை இருப்பதால் நேராக வால்யூம் பெடலுக்குள் போனால் மேல் ஸ்தாயி கொஞ்சம் மங்கும். நடுவில் ஒரு பஃபர் (ஒலியை மங்கவிடாமல் கடத்தும் சிறு சுற்று) வைத்த அன்று, கம்பியை மாற்றினாற்போல் இருந்தது.

ஆம்ப் என்றால் ஃபெண்டர் ட்வின் ரிவர்ப். 85 வாட், வால்யூம் பெடல் முழுக்கத் திறந்தாலும் ஒலி உடையாது. அதிலுள்ள ஸ்பிரிங் ரிவர்பை (ஒலியைச் சுருள் கம்பிகள் வழியே விட்டு உண்டாக்குவது) 2-க்கு மேல் நான் திருப்புவதில்லை. கூர்மையாகத் தட்டினால் ஸ்பிரிங் ‘டொய்ங்’ என்று துள்ளும். ஸ்டீலில் கால் அந்தத் தட்டலைத் தணித்துவிடுவதால் துள்ளல் அடங்கி, ரிவர்பின் ஈரம் மட்டும் மிஞ்சுகிறது. ஸ்டீலும் ஸ்பிரிங்கும் ஒன்றுக்காக ஒன்று பிறந்தவை என்றே நினைக்கிறேன். மைக் எஸ்எம்57, ஸ்பீக்கர் கோனின் ஓரத்தைப் பார்த்து, பத்து சென்டிமீட்டர் தள்ளி. 800 ஹெர்ட்ஸ் சுற்றிக் கொஞ்சம் குறைத்தால் மூக்கடைத்த ஒலி போய்விடும். ஸ்டீல்காரர்கள் பலரும் கை வைக்கும் இடம் அது.

இதற்கு முன் பழைய டியூப் ஆம்ப் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருந்தேன். ஒரு ஞாயிறு முழுக்க வாசித்த பதிவில் அடியில் ஓர் ‘உம்’ ஓடியது. ரிவர்ப் ஸ்பிரிங்குகள் இருக்கும் டாங்கின் வெளியீட்டு முனை பவர் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் இருந்ததுதான் காரணம். டாங்கைத் திருப்பி வைத்ததும் போய்விட்டது. அன்றைய வாசிப்பு மட்டும் திரும்பி வரவில்லை.

ரிவர்ப் பெடல்களில் நிலைத்தது ஸ்ட்ரைமன் ஃபிளிண்ட். அறுபதுகளின் ஸ்பிரிங், எழுபதுகளின் பிளேட், எண்பதுகளின் ஹால் மூன்றும் அதில் உண்டு. நான் பிளேட்டிலிருந்து நகர்வதே அரிது. பழைய நாஷ்வில் (அமெரிக்கக் கன்ட்ரி இசையின் மையம்) பதிவுகளில் ஸ்டீலைச் சுற்றிக் கேட்கும் விசாலம் எல்லாம் ஆம்பிலிருந்து வந்தது என்று பல நாள் நம்பியிருந்தேன். அதில் பெரும்பங்கு ஸ்டுடியோவின் எக்கோ அறையும் பிளேட்டும் தந்தது. ஜெர்மனியின் இஎம்டி நிறுவனம் 1957இல் கொண்டுவந்த 140 என்ற பிளேட், சட்டத்தில் தொங்கவிட்ட பெரிய எஃகுத் தகடு; அது அதிர்ந்து ரிவர்ப் தரும். அதாவது ரிவர்பை ஆம்பில் அல்ல, ஸ்டுடியோவில் தனியாகச் சேர்த்தார்கள். இதைப் புரிந்துகொண்ட பின் நானும் வேலை முறையை மாற்றினேன். ஆம்பை ஏறக்குறைய உலர்வாக, அதாவது ரிவர்ப் இல்லாமல், ஒரு டிராக்கில் எடுக்கிறேன், ரிவர்பைத் தனி டிராக்கில். அந்த ரிவர்ப் டிராக்கில் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் வெட்டிவிடுகிறேன், விரல் பிக்கின் கீறலும் பார் உரசும் சத்தமும் அங்கேதான் பெருகுகின்றன.

ஒரே சிக்கல், உலர்ந்த ஒலியைக் கேட்டுக்கொண்டு வாசித்தால் கை அவசரப்படுகிறது. அதனால் ஹெட்ஃபோனில் மட்டும் பிளேட்டைத் தாராளமாக வைத்துக்கொள்கிறேன். ஹாலை முழுக்க விட்டுவிடவும் மனமில்லை. பாட்டின் கடைசி கார்டுக்கு, பெடல்கள் எல்லாம் அசையாமல் நின்றுவிட்ட பிறகு, அதை இன்றும் திறந்துவிடுகிறேன்.