உறை போட்டு வரும் டைனீமா நூல் செட்: ஏற்றும் முன் முனையைத் தள்ளிப் பாருங்கள்

இணையக் கடை ஒன்றில் வாங்கிய இரட்டை நூல் பட்டச் செட் பற்றிய எச்சரிக்கை இது. 25 மீட்டர் டைனீமா நூல் (மிக வலுவான ஒருவகைப் பாலிஎத்திலீன் இழை) இரண்டு, 150 பவுண்டு தாங்கும் என்று அட்டையில் அச்சு, நான்கு முனையிலும் உறை போட்டு முடிச்சிட்டது, கூடவே ‘உறை கோர்க்கும் கருவி’ ஒன்று. விலை 2,400 ரூபாய். மூன்றாம் நாள், மிதமான காற்றில் இடது நூல் அறுந்தது. முடிச்சில் அறுந்திருந்தால் கட்டியவர் மேல் சந்தேகப்படலாம். அறுந்தது உறையின் உள்முனையில், அதாவது உறை முடிந்து வெறும் நூல் தொடங்குகிற இடத்தில்.

மாஞ்சா போட்டு அறுக்கும் பட்டத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. இரண்டு கைப்பிடியால் வளைத்துத் திருப்பி ஓட்டுகிற பட்டத்துக்குத்தான் உறை வேண்டும். டைனீமா வழவழப்பான இழை. வெறும் நூலில் முடிச்சுப் போட்டால் இறுகும்போது அது தன்னையே நெரித்துக்கொள்ளும். தாங்கும் திறனில் பாதி வரை அந்த முடிச்சிலேயே போய்விடும். பாலியஸ்டர் இழையில் பின்னிய குழாய் போன்ற உறைக்குள் நூலைக் கோர்த்து, இரண்டையும் சேர்த்து முடிச்சிட்டால் வளைவு பெரிதாகும், நெரிசல் குறையும், பட்டத்திலும் கைப்பிடியிலும் மாட்டுகிற கண்ணியும் மெத்தென்று இருக்கும்.

கோளாறு எங்கே என்றால், உறை பிரியாமல் இருக்க அதன் முனையை லைட்டரில் லேசாகச் சுட்டுவிடுவார்கள். பாலியஸ்டர் உருகச் சுமார் 255 டிகிரி செல்சியஸ் வேண்டும். டைனீமா 150 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். ஆகவே உறையை முதலில் சுட்டு, ஆறவிட்டு, பிறகுதான் நூலைக் கோர்க்க வேண்டும். இந்தச் செட்டில் நூலைக் கோர்த்து முடித்தபின் சுட்டிருக்கிறார்கள். வெளியே உறை அழகாகக் குவிந்திருக்கிறது. உள்ளே நூல் ஏற்கெனவே வெந்துபோய்விட்டது. மற்ற மூன்று முனைகளையும் பிரித்துப் பார்த்ததில் இரண்டில் இதே கதி.

கடைக்காரரின் பதில்: “மணலில் உரசியிருக்கும்.” இது தவறு. மணலில் தேய்ந்த நூல் பஞ்சு மாதிரி மயிர்விட்டு, கொஞ்ச தூரத்துக்கு மெலிந்து அறும். சூட்டில் கெட்ட நூலில் அறுந்த இடம் விறைத்து, பளபளவென்று, நகத்தில் தட்டினால் பிளாஸ்டிக் துண்டு போல இருக்கும். படம் எடுத்து அனுப்பியும் பணம் திரும்பவில்லை.

பொட்டலத்தைப் பிரித்ததும் இதைச் செய்யுங்கள். உறையின் உள்முனையை இரு விரலால் பிடித்துக் கண்ணிப் பக்கமாகத் தள்ளுங்கள். அரை அங்குலமாவது தாராளமாக நகர வேண்டும். நகரவில்லை என்றால் உருகி ஒட்டியிருக்கிறது. நகர்ந்தால், வெளிப்பட்ட நூலை வளைத்துப் பாருங்கள், தையல் நூல் போலத் துவள வேண்டும். அடுத்து, கண்ணியின் வால் முனையில் உறையும் நூலும் ஒரே முடிச்சுக்குள் அடங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். உறை மட்டும் முடிச்சில் இருந்தால் நூல் உள்ளே வழுக்கி உருவிக்கொண்டு போகும். நூல் டைனீமாதானா என்ற சந்தேகத்துக்கு, ஒரு துண்டைச் சோப்புத் தண்ணீரில் அமுக்கிக் காற்றை வெளியேற்றிவிட்டு விடுங்கள். நைலானும் பாலியஸ்டரும் மூழ்கும், டைனீமா மிதக்கும். சாதாரண பாலிஎத்திலீன் நூலும் மிதக்கும் என்பதால், மூழ்கினால் போலி என்று மட்டும்தான் இந்தச் சோதனையை நம்பலாம்.

கூட வந்த கருவி, கட்டுக்கம்பியை மடித்து முறுக்கியது. தடிமன் அதிகம், இளகிய கம்பி, இரண்டாவது தடவையிலேயே கோணிக்கொள்ளும். வெட்டிய பிசிறு வேறு உறையின் பின்னலில் குத்தி இழுக்கிறது. இதற்குக் காசு கொடுக்கவே வேண்டாம். ஸ்டீல் கிடாரின் மிக மெல்லிய தந்தி, 0.010 அங்குலம் (0.25 மி.மீ.), போதும். நைலான் தந்தி உதவாது.

தந்தியில் 50 செ.மீ. வெட்டி, நடுவில் ஒரு தையல் ஊசியைச் சுற்றி மடியுங்கள். ஊசியை உருவிவிட்டு, மடிந்த நுனியை (இதுதான் மூக்கு) இடுக்கியால் மெதுவாக நெருக்குங்கள். ஒரேயடியாக நசுக்கினால் விறைப்பான எஃகு அந்த மடிப்பிலேயே ஒடியும். நூல் நுழைகிற அளவுக்கு மட்டும் கண் இருக்கட்டும். பின்பக்க இரு முனைகளையும் தீர்ந்துபோன பேனாவின் குழாய்க்குள் செருகிப் பசை விட்டால் கைப்பிடி ஆயிற்று. முனை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் உள்ளங்கையைக் கிழிக்கும்.

இனி கோர்ப்பது. உறையை 25 செ.மீ. வெட்டி இரு முனைகளையும் தீயின் ஓரத்தில் ஒரு நொடி காட்டுங்கள். வாய் அடைத்துக்கொள்ளாதபடி உடனே ஊசியால் திறந்துவிடுங்கள். பிறகு பாவாடைக்கு நாடா கோர்க்கிற மாதிரிதான். கம்பியின் மூக்கை உள்ளே விட்டு, உறையைச் சுருக்கிச் சுருக்கி முழுவதையும் கம்பியின் மேல் ஏற்றுங்கள். மறுவாயில் மூக்கு எட்டிப் பார்த்ததும் நூலை 3 செ.மீ. மட்டும் அதில் நுழைத்து மடியுங்கள். கம்பியில் நூலை முடிச்சிடக் கூடாது, அந்தக் குண்டுதான் பாதி வழியில் சிக்கும். உறையைப் பிடித்துக்கொண்டு கம்பியைப் பின்னால் இழுத்தால் நூல் வந்துவிடும். சிக்கினால் பலங்கொண்டு இழுக்காதீர்கள்; உறையை இன்னும் சுருக்கினால் அதன் வயிறு விரிந்து வழிவிடும்.

நூல் உறைக்கு வெளியே 1 செ.மீ. நீட்டியிருக்க, உறையையும் நூலையும் சேர்த்து ஒரு முடிச்சு. பிறகு உறையை மடித்து 6 செ.மீ. கண்ணி வருமாறு ‘8’ வடிவ முடிச்சு ஒன்று. இறுக்கும் முன் எச்சிலாலோ தண்ணீராலோ நனையுங்கள்; உலர்ந்தபடி இறுக்கினால் உரசும் சூடே இழையைக் கெடுக்கும். வால் முடிச்சு கண்ணி முடிச்சை ஒட்டி நின்றால் எந்த இழுப்பிலும் நழுவாது.

நீளத்திலும் ஏமாற்று இருந்தது: இரண்டு நூலுக்கும் 6 செ.மீ. வித்தியாசம். இதோடு ஏற்றினால் பட்டம் எப்போதும் ஒரு பக்கமாகவே சாயும், ஓட்டுகிறவர் பட்டத்தில் கட்டிய சூத்திரக் கயிற்றைக் குறை சொல்லிக்கொண்டிருப்பார். இரண்டு நூலின் ஒரு பக்கக் கண்ணிகளை ஒரே முளையில் மாட்டி, மறுபக்கம் உடம்பைச் சாய்த்துச் சில நிமிடம் இழுத்துப் பிடியுங்கள். முடிச்சுகள் இறுகிய பிறகே அளக்க வேண்டும், முன்னால் அளந்தது நிற்காது. நீளமான நூலின் கண்ணி முடிச்சைத் தள்ளிப் போட்டுச் சரிசெய்யலாம்.

இதே போன்ற செட் கையில் இருந்தால் தூக்கி எறிய வேண்டியதில்லை. உறையின் உள்முனையிலிருந்து நாலு விரல் தள்ளி, நான்கு முனைகளையும் வெட்டிவிடுங்கள். டைனீமா கத்தரிக்குள் வழுக்கும். வெட்டுமிடத்தில் டேப் சுற்றி, பலகை மேல் வைத்துப் புது பிளேடால் அழுத்துங்கள். வெட்டிய நூல் முனையைச் சுடவே கூடாது. ஒரு நூலுக்கு ஒரு மீட்டருக்குள்தான் குறையும். இரண்டிலும் ஒரே அளவு குறைந்தால் பட்டத்துக்கு வித்தியாசமே தெரியாது.