அமெரிக்காவின் மதச் சுதந்திர அறிக்கை: பாவிக்கும் ஒருத்தியின் மதிப்பீடு

ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு சிறிய சட்ட அலுவலகத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். அகதிக் கோரிக்கை வைத்தவர்களின் வாக்குமூலத்தை ஆங்கிலத்தில் எழுதுவேன், ஊரிலிருந்து வரும் கடிதங்களை மொழிபெயர்ப்பேன். அப்புறம், அவர்கள் சொல்வதற்குப் பக்கபலமாக நாட்டு நிலவர ஆவணங்களைத் தேடிக் கோர்ப்பேன். அப்படி நான் அதிகம் புரட்டும் ஆவணங்களில் ஒன்று, அமெரிக்க வெளியுறவுத் திணைக்களம் வெளியிடும் சர்வதேச மதச் சுதந்திர அறிக்கை. கனடாவின் குடிவரவு, அகதிகள் சபை ஒவ்வொரு நாட்டுக்கும் தொகுத்து வைத்திருக்கும் ஆவணக் கோப்பிலும் மதம் என்ற பகுதியில் இது இருக்கும். இலவசம், யாரும் இறக்கிக்கொள்ளலாம். ஆனால் இதை எப்படி வாசிப்பது, எந்த இடத்தில் நம்புவது என்று யாரும் சொல்லித் தருவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

1998 ஒக்டோபரில் ஜனாதிபதி கிளின்ரன் கையெழுத்திட்ட சர்வதேச மதச் சுதந்திரச் சட்டத்தின் பிள்ளை இந்த அறிக்கை. மற்ற நாடுகளில் மனிதர் தம் நம்பிக்கைக்காக நசுக்கப்படுவதை அமெரிக்க வெளியுறவுக் கொள்கை கணக்கில் எடுக்க வேண்டும் என்பதுதான் சட்டத்தின் நோக்கம். அதற்காக வெளியுறவுத் திணைக்களத்துக்குள் ஓர் அலுவலகம், அதற்கு ஒரு சிறப்புத் தூதர், வெளியே சுயாதீனமாக ஒன்பது பேர் கொண்ட ஆணைக்குழு, வருடாந்த அறிக்கை, மிக மோசமான நாடுகளின் பட்டியல் எல்லாம் வந்தன. ஒவ்வொரு நாட்டிலும் உள்ள தூதரகம் முதல் வரைவை எழுதும், வொஷிங்டன் திருத்தும். ஏறக்குறைய 200 நாடுகளும் பிரதேசங்களும் இதில் அடங்கும்.

ஒவ்வொரு நாட்டு அத்தியாயத்திலும் சுருக்கத்துக்குப் பிறகு நாலு பகுதிகள். எந்த மதத்தவர் எத்தனை வீதம் என்பது முதலாவது. சட்டம் என்ன சொல்கிறது, அரசு என்ன செய்தது என்பது இரண்டாவது. சமூகத்தில் என்ன நடந்தது என்பது மூன்றாவது. அமெரிக்க அரசு என்ன செய்தது என்பது நாலாவது. என் அனுபவத்தில் இரண்டாம் பகுதிதான் தங்கம்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். இலங்கையின் கிழக்கு மாகாணத்திலிருந்து வந்த ஒரு போதகரின் கோப்பு என் மேசைக்கு வந்தது. வீட்டில் ஜெபக்கூட்டம் நடத்தியவர். ஒருநாள் பிரதேச செயலகத்திலிருந்து ஆட்கள் வந்து, பதிவு இல்லாமல் நடத்தக் கூடாது, சுற்றுநிருபம் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பிறகு பொலிஸ், அதற்குப் பிறகு கூட்டமாகச் சிலர். அவரிடம் எழுத்தில் ஒன்றுமே இல்லை. எல்லாம் வாய்ச்சொல்தான். அப்படி ஒரு சுற்றுநிருபம் உண்மையில் இருக்கிறதா என்று விசாரணையில் கேட்டால் அவர் எதைக் காட்டுவார்?

இலங்கை அத்தியாயத்தின் இரண்டாம் பகுதியைத் திறந்தேன். புதிய வழிபாட்டிடங்களைக் கட்ட முன் அனுமதி பெற வேண்டும் என்று 2008இல் மத விவகார அமைச்சு அனுப்பிய சுற்றுநிருபமும், உள்ளூர் அதிகாரிகளும் பொலிஸாரும் அதைச் சுட்டிக்காட்டிச் சிறிய கிறிஸ்தவ சபைகளின் கூட்டங்களை நிறுத்தச் சொன்ன சம்பவங்களும் அங்கே இருந்தன. பௌத்தத்துக்கு முதன்மை இடம் தரும் அரசியலமைப்பின் 9ஆம் உறுப்புரையும், எல்லோருக்கும் மதச் சுதந்திரம் தரும் 10ஆம் உறுப்புரையும் பக்கத்தில் பக்கத்தில் விளக்கப்பட்டிருந்தன. மதத்தைப் பரப்புவது அரசியலமைப்பு பாதுகாக்கும் உரிமை அல்ல என்ற 2003ஆம் ஆண்டின் உயர் நீதிமன்றத் தீர்மானமும் இருந்தது. அவருக்குப் பத்தி பத்தியாகத் தமிழில் வாசித்துக் காட்டினேன். "அக்கா, எங்கட வீட்டு வாசல்ல நிண்டு பாத்த மாதிரி எழுதியிருக்கே, இவங்களுக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டார். சொன்னவர்கள் பெரும்பாலும் இலங்கையிலேயே இருப்பவர்கள்தான். தேசிய கிறிஸ்தவ சுவிசேஷக் கூட்டமைப்பு சம்பவங்களைத் திகதியோடு பதிவு செய்கிறது. உள்ளூர்ச் சட்டத்தரணிகளும் செயற்பாட்டாளர்களும் தூதரகத்திடம் சொல்கிறார்கள். அவர்கள் ஆபத்தை ஏற்றுக்கொண்டு சேர்த்த தகவல், வல்லரசு ஒன்றின் முத்திரையோடு ரொறன்ரோவில் ஒரு மனிதனின் வாயிலிருந்து வந்த வார்த்தைக்குச் சாட்சியாக நிற்கிறது. இந்த ஒன்றுக்காகவே இந்த அறிக்கையை நான் மதிக்கிறேன்.

ஒரு சிக்கல், அதன் நடை. "இன்னார் கூற்றுப்படி", "என்று சொல்லப்படுகிறது" என்று ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு வேலி போட்டிருப்பார்கள். சட்ட ஆவணத்துக்கு அது நியாயம்தான். ஆனால் எதிர்த்தரப்பு அந்த வேலியையே பிடித்துக்கொள்ளும்: அமெரிக்காவே உறுதியாகச் சொல்லவில்லையே என்று. ஆகவே எந்த அமைப்பை மேற்கோள் காட்டுகிறார்களோ, அந்த அமைப்பின் மூல அறிக்கையையும் தேடிச் சேர்த்துவிடுங்கள். இன்னொன்று, ஒரு வருடத்து விடயம் வழக்கமாக அடுத்த வருட நடுவில்தான் வெளிவரும். 2023ஆம் ஆண்டுக்கான அறிக்கை 2024 ஜூன் கடைசியில் வந்தது. போன மாதம் நடந்ததை இதில் தேடக் கூடாது.

நாலாம் பகுதி எனக்குத் திருப்தி தருவதில்லை. தூதர் அமைச்சரைச் சந்தித்தார், கவலை தெரிவித்தார், மதத் தலைவர்களோடு உரையாடினார், சமூக ஊடகத்தில் செய்தி போட்டார். வருடா வருடம் ஏறக்குறைய இதே வசனங்கள். கவலை தெரிவித்த பிறகு என்ன மாறியது என்பது அநேகமாக இருக்காது. மதச் சுதந்திரம் வெளியுறவுக் கொள்கையின் பகுதி என்று சட்டம் போட்ட நாட்டின் அறிக்கையில், கொள்கை வேலை செய்ததா என்று சொல்ல வேண்டிய இடமே இப்படி மெலிந்திருப்பது எனக்கு வருத்தம்.

வெளி அழுத்தம் எப்படி வேலை செய்கிறது என்று நான் கண்ட தெளிவான சம்பவம் வேறு திசையிலிருந்து வந்தது. 2020 ஏப்ரலில், கொவிட்டில் இறந்த எல்லோரையும் எரிக்க வேண்டும் என்று இலங்கை அரசு விதி கொண்டுவந்தது. உலக சுகாதார நிறுவனம் அடக்கமும் செய்யலாம் என்று சொல்லியிருந்தது. ஆனாலும் முஸ்லிம் குடும்பங்கள் தங்கள் ஜனாஸாக்கள் எரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றன. பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையும் எரிக்கப்பட்டது. மாதக்கணக்கில் வழக்கு, வெள்ளைத் துணி கட்டிய போராட்டம், ஐ.நா. நிபுணர்களின் கடிதம். எதற்கும் அரசு அசையவில்லை. 2021 பெப்ரவரி 23இல் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்புக்கு வந்தார். ஜெனீவாவில் மனித உரிமைப் பேரவையின் 46ஆவது அமர்வு தொடங்கியிருந்தது. இலங்கைக்கு எதிரான தீர்மானம் வரப்போகிறது, முஸ்லிம் நாடுகளின் வாக்கு கொழும்புக்குத் தேவை. அவர் போன மறுநாளே அடக்கத்தை அனுமதிக்கும் வர்த்தமானி வந்தது. முதலில் வடக்கிலுள்ள இரணைதீவில் அடக்கலாம் என்றார்கள். அங்கே மீளக் குடியேறிய தமிழ்க் கத்தோலிக்க மீனவர்கள் எதிர்த்தார்கள். பிறகு மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடியில் அடக்கம் நடந்தது. மார்ச் 23இல் 46/1 தீர்மானம் 22க்கு 11 என்று நிறைவேறியது, பாகிஸ்தான் இலங்கையின் பக்கம் வாக்களித்தது.

இதை நினைக்கும்போது எனக்கு ஆறுதலும் வலியும் சேர்ந்தே வரும். அழுத்தம் கொடுத்த பாகிஸ்தானில், அஹமதியர் என்ற சிறுபான்மை மதப் பிரிவினர் தம்மை முஸ்லிம் என்று சொல்வதையே 1984ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் குற்றமாக்கியிருக்கிறது. அந்தச் சட்டத்துக்குத் தப்பி வந்த குடும்பங்களின் கோப்புகளும் இந்த நகரத்துச் சட்ட அலுவலகங்களில் இருக்கின்றன. ஓர் அரசு பிறநாட்டில் ஒரு சமூகத்துக்காகப் பேசுவது நல்லது, பேசட்டும். ஆனால் வாக்கு, கடன், வணிகம் எல்லாம் அந்தப் பேச்சுக்குள் இருக்கும்.

முன்பு சொன்ன, மிக மோசமான நாடுகளின் அமெரிக்கப் பட்டியலிலும் அதே கதைதான். "விசேட கவலைக்குரிய நாடு" என்று அறிவித்தால் ஜனாதிபதி ஏதாவது நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது சட்டம். தனிப்பட்ட கண்டனத்திலிருந்து பொருளாதாரத் தடை வரை 15 வகை நடவடிக்கைகளைச் சட்டமே சொல்லியிருக்கிறது. நடைமுறை வேறு. சவூதி அரேபியா 2004 முதல் பட்டியலில் இருக்கிறது; 2006 முதல் தேசிய நலன் என்ற பெயரில் அதற்கு நடவடிக்கையிலிருந்து விலக்கு. 2018இல் சேர்க்கப்பட்ட பாகிஸ்தானுக்கும் அப்படியே. சீனா 1999 முதல் பட்டியலில் இருக்கிறது, ஆனால் அதற்கான நடவடிக்கை என்று காட்டுவது, தியனன்மென் படுகொலைக்குப் பிறகு ஏற்கெனவே விதித்திருந்த பொலிஸ் உபகரண ஏற்றுமதித் தடையை. நைஜீரியா 2020இல் உள்ளே, 2021இல் வெளியே, 2025 ஒக்டோபர் கடைசியில் மறுபடி உள்ளே. இந்தியாவைச் சேர்க்கும்படி ஆணைக்குழு 2020 முதல் பரிந்துரைக்கிறது. 2024 ஜனவரியில் அறிவித்த 12 நாட்டுப் பட்டியலிலும் இந்தியா இல்லை. ஒரு நாடு பட்டியலில் இல்லை என்பதை வைத்து அங்கே பிரச்சினை இல்லை என்று யாராவது வாதிட்டால், இந்தப் பத்தியை அப்படியே எடுத்துச் சொல்லுங்கள்.

அதற்காகப் பட்டியலே வீண் என்று நான் சொல்ல மாட்டேன். வியட்நாம் 2004இல் சேர்க்கப்பட்டது. உலக வணிக அமைப்பில் சேரவும் அமெரிக்காவோடு வணிகத்தைச் சீராக்கவும் ஹனோய்க்கு அவசரம். 2005இல் இரண்டு நாடுகளும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. கைதிகள் விடுதலையானார்கள், கட்டாயப்படுத்தி மதத்தைக் கைவிடச் செய்வது தடை செய்யப்பட்டது. 2006 நவம்பரில் பெயர் நீக்கப்பட்டது. நீக்கிய பிறகு அமெரிக்காவின் பிடி தளர்ந்தது, 2022இல் வியட்நாம், ஒரு படி குறைந்த விசேட கண்காணிப்புப் பட்டியலுக்கு வந்தது. எதிர்த்தரப்புக்கு ஏதோ ஒன்று தேவைப்பட்டபோதுதான் வேலை நடந்தது. எதுவுமே தேவைப்படாத எரித்திரியாவில் நடக்கவில்லை. அங்கே நாலே நாலு மதக் குழுக்களுக்குத்தான் அங்கீகாரம். ஓர்தொடொக்ஸ் திருச்சபையின் தலைவர் அந்தோனியோஸைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். 2022 பெப்ரவரியில் மரணிக்கும்வரை அவர் வீட்டுக்காவலில்தான் இருந்தார். 2004 முதல் பட்டியலில் இருந்தும், ஆயுத விற்பனைத் தடை இருந்தும், இதுதான் நிலை.

வேறு எதைப் பார்க்கலாம்? சுயாதீன ஆணைக்குழுவின் அறிக்கை சுருக்கம், துணிவு அதிகம். ஆனால் எல்லா நாடுகளும் அதில் இல்லை, சட்ட விபரமும் குறைவு. ஐ.நா.வின் மதச் சுதந்திரத்துக்கான சிறப்பு அறிக்கையாளர் அஹமத் ஷஹீட் 2019 ஓகஸ்டில், ஈஸ்டர் குண்டுவெடிப்புக்குச் சில மாதங்களில், இலங்கைக்குப் போய் எழுதிய அறிக்கை ஆழமானது; அப்படியான பயணங்கள் எப்போதாவதுதான். அவுஸ்திரேலிய வெளியுறவுத் திணைக்களத்தின் இலங்கை அறிக்கை வாசிக்க இலகு, ஆனால் புகலிடம் மறுப்பதற்கு வசதியான வசனங்களும் அதில் இருக்கும், கவனம். என் சொந்த நாடான கனடா 2013 பெப்ரவரியில், வோனில் உள்ள அஹமதியர் நிலையத்தில் வைத்து, மதச் சுதந்திர அலுவலகம் ஒன்றை அறிவித்தது. அன்றூ பெனட் அதன் தூதர். 2016 மார்ச்சோடு அதை மூடிவிட்டார்கள். மற்ற மனித உரிமைகளோடு சேர்த்துப் பார்ப்போம் என்று சொன்னார்கள். கொள்கையாக அதில் தவறு காணமாட்டேன். ஆனால் தனியாக ஒரு மேசையும் அதற்குப் பொறுப்பான ஓர் ஆளும் இல்லாவிட்டால் விடயம் கீழே போய்விடும் என்பது என் அபிப்பிராயம். மூடியிருக்கக் கூடாது.

இப்போது எனக்கு இருக்கும் பெரிய பயம் வேறு. இதே திணைக்களத்தின் இன்னொரு வெளியீடான மனித உரிமை அறிக்கை 2025 ஓகஸ்டில் வந்தபோது பாதிக்கு மேல் கழன்றிருந்தது. ஊழல், அமைதியாகக் கூடும் உரிமை, தேர்தல் போன்ற பகுதிகளையே காணவில்லை. பழைய பதிப்பையும் புதியதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது நெஞ்சு கனத்தது. எழுதாமல் விட்ட ஒவ்வொரு பத்திக்கும் பின்னால், விசாரணை அறையில் கையில் எதுவும் இல்லாமல் நிற்கப்போகிற ஒருவர் இருக்கிறார். மதச் சுதந்திர அறிக்கைக்கும் அந்தக் கத்தி வரக்கூடாது.

ஆக, சிபாரிசு செய்கிறேனா? ஆம். அகதிக் கோப்பு தயாரிப்பவர்களும் செய்தியாளர்களும் மாணவர்களும் பாவிக்கலாம். இரண்டாம், மூன்றாம் பகுதிகளை நம்பி மேற்கோள் காட்டலாம். முதலாவதைப் பார்க்கும்போது எந்த வருடத்துக் குடிசன மதிப்பீட்டிலிருந்து எடுத்தார்கள் என்று கவனியுங்கள். இலங்கை எண்கள் நீண்ட காலமாக 2012ஆம் ஆண்டினுடையவை. நாலாம் பகுதியை வேகமாக வாசித்து விடலாம். ஒரே ஒரு வருடத்தோடு நிறுத்தாமல் குறைந்தது மூன்று வருட அத்தியாயங்களை அடுத்தடுத்து வாசியுங்கள்; ஒரே சம்பவம் எப்படித் தேய்கிறது, எப்படி வளர்கிறது என்பது அப்போதுதான் பிடிபடும். வொஷிங்டனில் ஆட்சி மாறும்போது பழைய அறிக்கைகள் வேறு காப்பகத் தளத்துக்குப் போய்விடும், நீங்கள் கொடுத்த இணைப்பு வேலை செய்யாது. ஆகவே இணைப்பை நம்பாமல் முழு அத்தியாயத்தையும் பிடிஎஃப் ஆக இறக்கி, இறக்கிய திகதியைக் குறித்து, கோப்போடு சேர்த்து வையுங்கள்.