பிப்ரவரியிலும் ஓடும் கப்பல்: பின்லாந்தின் தேர்வும் அதன் போட்டியாளர்களும்

2025 மே மாதம் பின்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள ரவுமா கப்பல் கட்டும் தளத்தில் ஒரு போர்க்கப்பல் தண்ணீரில் இறங்கியது. பெயர் போஹ்யன்மா. நீளம் 117 மீட்டர், எடை 4,000 டன்னுக்கு மேல். இதே வகையில் இன்னும் மூன்று வரப்போகின்றன. நான்கையும் 2029-க்குள் பணியில் சேர்ப்பது திட்டம். இவற்றுக்கு வழிவிட்டு ஓய்வு பெறப்போகும் கப்பல்களில் ரவுமா வகை ஏவுகணைப் படகுகள் நான்கு உண்டு. அவற்றின் நீளம் 48 மீட்டர். எடை 250 டன்னைக்கூடத் தொடாது. நாலு பேர் போகும் ஸ்கூட்டரை விற்றுவிட்டு லாரி வாங்கியதைப் போலத்தான் முதல் பார்வைக்குத் தோன்றும்.

இந்த எண்களுக்குப் பின்னால் ஒரு பழைய கணக்கும் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் தோற்ற பின்லாந்தின் மீது 1947 பாரிஸ் ஒப்பந்தம் விதித்த உச்சவரம்பின்படி, அதன் கடற்படை முழுவதும் சேர்த்து 10,000 டன்னைத் தாண்டக் கூடாது. நீர்மூழ்கிகளுக்கு அனுமதியே இல்லை. இந்தத் தளைகள் இனிச் செல்லாது என்று 1990-இல்தான் ஹெல்சிங்கி அறிவித்தது. இன்று கட்டப்படும் நான்கு கப்பல்களின் எடை மட்டுமே அந்தப் பழைய வரம்பை அநாயாசமாக மிஞ்சிவிடுகிறது.

இவ்வளவு பெரிய கப்பல் தேவைதானா? பின்லாந்திலேயே இந்தக் கேள்வி பலமாக எழுந்தது. பதிலைத் தேட வெகுதூரம் போக வேண்டாம். அக்கம்பக்கத்து நாடுகள் இதே வகைச் சிக்கலுக்கு வெவ்வேறு விடைகளை எழுதி, அவற்றைக் கடலில் ஓட்டியும் பார்த்துவிட்டன.

நார்வேயின் விடை வேகம். அதன் ஷோல்ட் வகைப் படகின் நீளம் 47.5 மீட்டர், எடை 274 டன். இரட்டை உடல் கொண்ட இந்தப் படகின் முன்னும் பின்னும் ரப்பர் திரைகள் தொங்குகின்றன. நடுவே விசிறிகள் காற்றை அடைக்க, படகு அந்தக் காற்று மெத்தையின் மேல் எழும்பிக்கொள்கிறது. அப்போது தண்ணீருக்குள் இருப்பது ஏறக்குறைய ஒரு மீட்டர்தான். நான்கு கேஸ் டர்பைன்கள் தள்ள, 60 நாட் வேகம் பிடிக்கும். அதாவது மணிக்கு 110 கிலோமீட்டர், நெடுஞ்சாலையில் கார் ஓடும் வேகம். இருபது பேர் அளவிலான குழு, உடலுக்குள்ளே ஒளித்து வைத்த எட்டு ஏவுகணைகள், முன்னால் 76 மில்லிமீட்டர் பீரங்கி. ஃபியோர்டு எனப்படும், மலைகளுக்கு நடுவே நுழையும் குறுகிய கடற்கிளை ஒன்றின் பாறை நிழலில் பதுங்கியிருந்து, பாய்ந்து, சுட்டு, மறைந்துபோவதற்கென்றே பிறந்த படகு. அமெரிக்கக் கடற்படை 2001-இல் முதல் படகை ஓராண்டு வாடகைக்கு எடுத்துச் சோதித்துப் பார்த்ததில் வியப்பில்லை.

ஆனால் இந்தப் படகுகள் சொந்த நாட்டிலேயே ஒருமுறை வேலையிழக்கப் பார்த்தன. எஃப்-35 விமானங்கள் வந்த பிறகு அதே ஏவுகணைத் தாக்குதலை வானிலிருந்தே நடத்தலாமே என்ற எண்ணத்தில், இவற்றை விலக்கிவிடும் யோசனை 2016-இல் முன்வைக்கப்பட்டது. பிறகு மனம் மாறி, புதுப்பித்து வைத்துக்கொண்டார்கள். ஒரே ஒரு வேலையை மிக நன்றாகச் செய்யும் கருவிக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு: அந்த வேலையை வேறொருவர் செய்ய வந்துவிட்டால் போதும். பின்லாந்துக்கோ இது வேறொரு காரணத்தால் பொருந்தாது. வடக்கே அவ்வளவு தூரம் போயும், வெப்ப நீரோட்டத்தின் தயவால் நார்வேயின் கரை குளிர்காலத்தில் உறைவதில்லை. பின்லாந்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பின்லாந்துக்கும் ஸ்வீடனுக்கும் இடையே உள்ள போத்னியா வளைகுடாவின் வடபகுதி ஒவ்வோர் ஆண்டும் உறைகிறது. ரப்பர் திரையோடு அங்கே போக முடியாது.

ஸ்வீடனின் விடை, கண்ணில் படாமை. விஸ்பி வகைக் கப்பல்கள் ஐந்து; 73 மீட்டர், 640 டன், குழுவில் 43 பேர். உடல் முழுவதும் கார்பன் ஃபைபர். எஃகு இல்லாததால் காந்தக் கண்ணிவெடிக்கு எளிதில் அகப்படாது. சாய்கோணப் பரப்புகள் ராடார் அலையைத் திசைமாற்றி அனுப்பிவிடும். எனக்குப் பிடித்த விவரம் அதன் பீரங்கி. சுடாத நேரத்தில் குழல் மடங்கிக் கூண்டுக்குள் படுத்துக்கொள்கிறது. நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு குழல்கூட ராடாரில் காட்டிக் கொடுத்துவிடும் என்று யோசித்தவர்கள் வேறு எதைத்தான் விட்டுவைத்திருப்பார்கள்?

விட்டுவைத்தது வான் பாதுகாப்பை. முதல் விஸ்பி 2000-இல் நீரில் இறங்கியது. செலவைக் குறைக்க, விமான எதிர்ப்பு ஏவுகணை 2008-இல் திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. அதை மீண்டும் சேர்ப்பதற்கான ஆர்டர் போடப்பட்டது 2023-இல். இருபது ஆண்டுகளுக்கு மேலாக, உலகமே புகழ்ந்த அந்தக் கப்பலிடம் விமானத்தைச் சமாளிக்க இருந்தது பீரங்கி மட்டுமே. இன்று ஸ்வீடனே லூலியோ என்ற பெயரில் இதைவிடப் பல மடங்கு பெரிய கப்பல்களைத் தேடுகிறது. மறைந்து நிற்பது நல்லதுதான். ஆனால் ஒரு வணிகக் கப்பலுக்குத் துணையாகப் போகும்போது மறைந்து என்ன பயன்? எதிரி தேடுவது அந்த வணிகக் கப்பலைத்தானே.

டென்மார்க்கைப் பற்றி இரண்டு வரி போதும். 1980-களின் இறுதியில் ஸ்டாண்டர்ட் ஃபிளெக்ஸ் என்ற முறையைக் கொண்டுவந்தார்கள்: ஒரே உடல், ஆயுதங்களும் கருவிகளும் கன்டெய்னரில்; இன்று ஏவுகணைப் படகு, நாளை கடல் கண்ணிவெடிகளை அகற்றும் கண்ணிவாரி. கிரேன் கன்டெய்னரைச் சீக்கிரம் மாற்றிவிடும். கண்ணி வாரப் பழகிய மாலுமியை ஏவுகணைக்காரராக மாற்றத்தான் கிரேன் கிடையாது.

உண்மையான போட்டி பின்லாந்தின் வீட்டுக்குள்ளேயே இருந்தது. ஹமினா வகை ஏவுகணைப் படகுகள் நான்கு: 51 மீட்டர், அலுமினிய உடல், முப்பதுக்கும் குறைவான குழு. 2018-க்குப் பிறகு இவற்றைப் புதுப்பித்து, நீர்மூழ்கியை ஒலியால் தேடும் சோனாரும் தாக்க டார்பிடோவும் கொடுத்தார்கள். இதே போல இன்னும் எட்டோ பத்தோ கட்டியிருந்தால் என்ன? எல்லாப் பணத்தையும் நான்கு உடல்களில் கொட்டாமல் பரப்பி வைத்திருக்கலாம். ஒன்று மூழ்கினாலும் கடற்படையில் கால்வாசி போய்விடாது. எதிர்வாதங்களிலேயே எனக்கு மிக வலுவாகப் படுவது இதுதான்.

அது தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. ஒன்று பனி, மற்றொன்று கண்ணிவெடி.

பனியில்லாக் கடலைப் பார்த்தே வளர்ந்த நமக்கு இது சட்டென்று பிடிபடாது. அலுமினியம் லேசானது, வேகத்துக்கு உகந்தது. பனிப்பாளம் மோதினால் நெளியும். பின்லாந்தின் இறக்குமதியில் பெரும்பகுதி கடல் வழியாக வருகிறது. குளிர்காலத்திலும் பனியுடைப்பான்களின் பின்னால் சரக்குக் கப்பல்கள் வரிசையாக வந்துகொண்டுதான் இருக்கும். அவற்றைக் காக்கவேண்டிய படகு துறைமுகத்தில் கட்டிக் கிடந்தால் கதை முடிந்தது.

சரி, எஃகு உடலைத் தடிமனாக்கினால் போதாதா என்றால், சிக்கல் புரொப்பெல்லரில் மாட்டிக்கொள்கிறது. பனியை வெட்டும் இதழ் தடிப்பாக, முரட்டுத்தனமாக இருக்க வேண்டும். நீர்மூழ்கியை வேட்டையாடும் கப்பலின் இதழோ மெல்லியதாக, வளைந்து, குமிழி கிளப்பாமல் சுழல வேண்டும். குமிழி வெடிக்கும் சத்தம் எதிரிக்கும் கேட்கும், நம் சோனாரின் காதையும் அடைக்கும். அரிவாளும் சவரக்கத்தியும் ஒரே இரும்பில் வேண்டும் என்பது போன்ற கோரிக்கை. இதற்கென்றே பின்லாந்து தனியாக வடிவமைத்துச் சோதித்த புரொப்பெல்லர்தான் போஹ்யன்மாவில் பொருத்தப்படுகிறது. மெதுவாகத் தேடும்போது மின்மோட்டாரின் அமைதி, விரட்டும்போது கேஸ் டர்பைன். உச்சவேகம் 26 நாட். ஷோல்டின் பாதிகூட இல்லை.

இனி கண்ணிவெடி. 1941 செப்டம்பர் 13 அன்று இல்மரினன் என்ற பின்லாந்துக் கப்பல் கண்ணிவெடியில் சிக்கிச் சில நிமிடங்களில் மூழ்கியது. 271 பேர் இறந்தார்கள். அந்தக் கடற்படை கண்ட மிகப் பெரிய உயிரிழப்பு அது. கண்ணிவெடி என்ன செய்யும் என்பதை அவர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பின்லாந்து வளைகுடாவின் சராசரி ஆழம் 38 மீட்டர்தான். ஹெல்சிங்கிக்கும் எதிர்க்கரையில் உள்ள எஸ்டோனியத் தலைநகர் தாலினுக்கும் இடையே 80 கிலோமீட்டர். இப்படிப்பட்ட ஒடுங்கிய வாசலை அடைக்கக் கண்ணிவெடியைவிட மலிவான தாழ்ப்பாள் இல்லை. ஆனால் கனமான கண்ணிவெடிகளை வரிசையாகத் தண்டவாளத்தில் உருட்டிப் பின்புறத்திலிருந்து கடலில் விடுவதற்கு நீண்ட தளம் வேண்டும். போஹ்யன்மாவின் நீளத்துக்கு இதுவும் ஒரு காரணம். ஏவுகணைகள், நீர்மூழ்கி வேட்டை, கண்ணிவெடி இடுதல் எல்லாம் ஒரே உடலில் வந்ததால், ஏற்கெனவே விலகியதும் இனி விலகுபவையுமான ஏழு கப்பல்களின் வேலையை நான்கு செய்யும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

கப்பலே வேண்டாம் என்ற கட்சியும் உண்டு. லாரியில் ஏற்றிய கேப்ரியல் ஏவுகணை 200 கிலோமீட்டருக்கு மேல் பாயும். கரையில் மரத்தடியில் நின்றபடியே வளைகுடா முழுவதையும் மறிக்கலாம். விலையும் குறைவு, மூழ்கவும் மூழ்காது. போர் மூண்டால் இந்த வாதம் நிற்கும். ஆனால் இப்போது பால்டிக்கில் நடப்பது போரும் அல்ல, அமைதியும் அல்ல. 2024 கிறிஸ்துமஸ் நாளில் பின்லாந்தையும் எஸ்டோனியாவையும் கடலடியில் இணைக்கும் எஸ்ட்லிங்க் 2 மின்கம்பி அறுந்தபோது, ஈகிள் எஸ் என்ற எண்ணெய்க் கப்பலின் மீது சந்தேகம் விழுந்தது. அதன் மீது ஏவுகணை விடவா முடியும்? ஹெலிகாப்டரில் ஆட்களை இறக்கினார்கள். எல்லைக் காவல் படையின் டுர்வா என்ற கப்பல் பக்கத்தில் நின்றது. பனியைத் தாங்கும், 96 மீட்டர் நீளக் கப்பல் அது. அதுவும் ரவுமாவில் பிறந்ததுதான். 2014-இல் பழைய முதலாளிகள் அந்தத் தளத்தை மூடுவதற்குச் சற்று முன்பு. பிறகு நகராட்சியே நிலத்தை வாங்க, உள்ளூர்க்காரர்கள் புது நிறுவனம் தொடங்கினார்கள். அதே நிறுவனம்தான் இப்போது போர்க்கப்பல் கட்டுகிறது.

செலவு? 2019 செப்டம்பரில் கையெழுத்தானபோது கப்பல் கட்ட ஏறக்குறைய 65 கோடி யூரோ, போர்க்கருவி அமைப்புக்கு ஸ்வீடனின் சாப் நிறுவனத்துக்கு 41 கோடி யூரோ. மொத்தத் திட்டம் 130 கோடியைச் சுற்றி. வடிவமைப்பு இழுத்ததில் கட்டுமானம் 2023 இலையுதிர்காலத்தில்தான் தொடங்கியது. வேகமும் மறைவும் விற்ற அண்டை நாட்டுக் கப்பல்களைவிட இதையே நான் தேர்ந்தெடுப்பேன். தயக்கம் எண்ணிக்கையில்தான். ஒன்று பழுதுபார்ப்பில், ஒன்று பயிற்சியில் என்றால் கடலில் மிஞ்சுவது இரண்டு. பேரம் பேசும் இடத்தில் இருந்திருந்தால் இன்னும் ஒன்றைக் கேட்டிருப்பேன்.

ஆனால் அதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஹமினா படகுகளைப் புதுப்பித்தபோது அவற்றின் 57 மில்லிமீட்டர் பீரங்கிகளைக் கழற்றி, இலகுவான 40 மில்லிமீட்டர் பீரங்கியை வைத்தார்கள். கழற்றியதை வீணாக்காமல் புதிய கப்பல்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். படகு நான்கு, பீரங்கி நான்கு, கப்பலும் நான்கு. ஐந்தாவது வந்தால் அதற்குப் பீரங்கியைக் கடையில்தான் வாங்க வேண்டும்.